துணிப் பக்கம்

எங்கள் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம்தான் பொய் சொல்லும். அது கண்ணாடிப் பக்கம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் நிஜக் கண்ணாடியைக் கொடுக்க முடியுமா? தடித்த பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி ஒட்டி, கீழே "இது கண்ணாடியைப் போன்றது" என்று அச்சடித்திருப்போம். அந்தப் "போன்றது" வேண்டுமா வேண்டாமா என்று டீச்சரும் முதலாளியும் ஒரு வாரம் மல்லுக்கு நின்றார்கள். டீச்சர் என்பவர் எங்களுக்குப் பாடம் எழுதித் தருகிறவர். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லிட்டு அதுக்குப் பேரு பாடமா?" என்று ஒற்றைக் காலில் நின்று ஜெயித்துவிட்டார்.

மற்ற பக்கங்கள் எல்லாம் நிஜம். மரப் பக்கத்தில் மெல்லிய மரச் சில்லு, ரப்பர் பக்கத்தில் பழைய சைக்கிள் டியூப், உலோகப் பக்கத்தில் ஓரம் மழுக்கிய தகரம், துணிப் பக்கத்தில் துணி. பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும். இது வளைகிறது, இது சில்லென்று இருக்கிறது, இது மெத்தென்று இருக்கிறது என்று அவர்களே சொல்ல வேண்டும். அதுதான் பாடம்.

நான் ஒட்டுகிறவள். வெட்டுகிறவர் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கட்டுகளை வேனில் ஏற்றிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இறக்கிவிட்டு வருகிறவர் என் வீட்டுக்காரர். "குடும்பமாச் சேர்ந்து கட்டடத்தையே எழுதி வாங்கிட்டீங்களா?" என்று புத்தகம் தைக்கிற பைண்டர் கிண்டல் செய்வார். போன மழைக்காலத்தோடு அந்தக் கிண்டல் நின்றுபோனது. வேன் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, கைப்பிரேக்கையும் போட்டுவிட்டுத்தான் சாய்ந்தாராம். அதைப் பெரிய ஆறுதல் மாதிரி எல்லோரும் என்னிடம் வந்து வந்து சொன்னார்கள். எனக்கோ கேட்கக் கேட்க ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிரேக் போட நேரம் இருந்த மனுஷருக்கு எனக்கு ஒரு போன் போட நேரம் இல்லையா?

எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளைகளுக்குப் புத்தகம் செய்கிற இடத்தில் வேலை பார்ப்பவளிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். வெடுக்கென்று பதில் சொல்லிப் பழகிவிட்டேன்.

அவருடைய துணிமணிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. ஒரு நீலச் சட்டையை மட்டும் கொடுக்கவில்லை. அதை எடுத்துக் கொடுத்தது அண்ணி. அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்பதால், கல்யாணத்துக்குப் பிறகும் தம்பிக்குச் சட்டை எடுப்பது தன் உரிமை என்றே நினைத்திருந்தார். நான் எடுத்த சட்டைகள் மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடக்கும். இவரோ, அக்கா எடுத்ததையே துவைத்துத் துவைத்துப் போடுவார். எனக்கு வயிறு எரியும். துவைத்துக் காயப்போடுகிறவள் நான்தானே! ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்து அந்தத் துணி பிள்ளையின் கன்னம் மாதிரி ஆகியிருந்தது.

அவர் போன பிறகு அந்தச் சட்டையை வேலைக்கு எடுத்துவந்து, என் உடுப்புக்கு மேல் போட்டுக்கொண்டு ஒட்ட உட்காருவேன். பசை படாமல் இருக்க என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறகு சட்டையில் பசை பட்டுவிடக் கூடாதே என்று அதற்கு மேல் ஒரு ஏப்ரன் கட்டினேன். "பசைக்காகச் சட்டை, சட்டைக்காக ஏப்ரன், ஏப்ரனுக்காக நாளைக்கு என்ன?" என்று பைண்டர் கேட்டார். சிரித்து வைத்தேன். சாயங்காலம் கழற்றி வெட்டு மேஜைக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

ஆணிக்கு நேர் கீழே பழந்துணிக் கூடை இருக்கும். புதுத் துணி பிள்ளைகள் கையில் சாயம் விடும் என்பதால், நாங்கள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து துவைத்த பழந்துணிகளைக் கொண்டுவந்து அதில் போடுவோம். அண்ணி அதிலிருந்து எடுத்து வெட்டுவார். வெட்டுவது என்றால் கத்தரியால் அல்ல. சதுரக் கத்தி பொருத்திய கைமெஷின் ஒன்று உண்டு. துணியை அடுக்கடுக்காக மடித்து அடியில் வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பிடியை அழுத்தினால் கத்தி இறங்கும்.

துணி எடுப்பதில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டுதான் எடுக்க வேண்டும். ஒரு தடவை, பார்க்க அழகாக இருக்கிறது என்று பூப்போட்ட துணியாகப் பொறுக்கி ஒட்டிவிட்டோம். தொட்டால் எல்லாம் ஒரே மாதிரி மொரமொரவென்று இருந்தது. பள்ளிக்கூடங்களிலிருந்து முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு டீச்சர் போட்ட சட்டம் இது. மற்றவர்கள் ஒப்புக்குக் கண்ணை மூடுவோம். அண்ணி அப்படியில்லை. கூடைக்குள் கையை விடும்போது மூடினால், தடவிப் பார்த்து, மடித்து, மெஷினில் வைத்து, பிடியை அழுத்தி முடிக்கிறவரை திறக்க மாட்டார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பிரார்த்தனை செய்கிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. பாதி வேலையில் எழுந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மாட்டினேன், நழுவியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த வேலைநாள் வந்தபோது ஆணி வெறுமையாக இருந்தது. கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன், இல்லை. மேஜைக்கு அடியில் இல்லை. கூட்டுகிற அம்மாவிடம் கேட்டேன், தெரியாது என்றார். அண்ணி அன்று வேலைக்கு வரவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். கடைசியில் கழிவுச் சாக்கில் கையை விட்டேன். காலர் வந்தது. அதன் பின்னால் பொத்தான் பட்டியும், கைப்பட்டைகள் இரண்டும் வந்தன. என் மண்டையில் யாரோ கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

பளு வைத்துக் காயப்போட்டிருந்த புத்தகங்களிடம் ஓடினேன். நான் இல்லாத அன்று மற்றவர்கள் ஒட்டியவை. ஒவ்வொன்றாகத் துணிப் பக்கத்தைத் திருப்பினேன். மஞ்சள், வெள்ளை, கட்டம் போட்டது, பிறகு நீலம். நீலம், நீலம், நீலம். எங்கே போனார் என்று தேடிக்கொண்டிருந்த மனுஷர் புத்தகம் புத்தகமாக உட்கார்ந்திருந்தார்.

நான் கத்திய கத்தலில் டீச்சர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். காலரை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"உரிச்சிடும்மா. வேற துணி ஒட்டிக்கலாம். வேன் நாளன்னைக்குத்தான் கிளம்புது. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

மெல்லிய கத்தியை எடுத்து, ஒரு சதுரத்தின் ஓரத்தில் நுழைத்து நெம்பினேன். என் கூட்டாளிகள் ஒட்டியது, லேசில் வருமா? பக்கத்தின் தோலையும் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அடியில் பசை ஏறிக் காய்ந்து, துணி அட்டை மாதிரி விறைத்திருந்தது. மடிக்கப் பார்த்தேன். மடியவில்லை. மூக்கில் வைத்தால் பசை நாற்றம். பக்கத்தில் ஒட்டியிருந்த வரைக்கும் தொட்டால் அவர் சட்டையாக இருந்தது, உரித்து எடுத்ததும் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அப்போதுதான் அழுதேன். அவர் போனபோது கூட அப்படி அழவில்லை.

சாதாரணமாகவே எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு அது தலைக்கு ஏறிவிட்டது. ஏப்ரனைக் கூட அவிழ்க்காமல் அண்ணி வீட்டுக்கு நடந்தேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அடுப்பு மூட்டிய அடையாளமே இல்லை. என் காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"மிச்சம் எங்க அண்ணி?"

எழுந்து உட்கார்ந்தார். "என்ன மிச்சம்?" என்று கேட்கவில்லை. தலையணைக்கு அடியில் கையை விட்டு எடுத்து நீட்டினார். சட்டையின் பாக்கெட். மூலையில் அவருடைய பேனா கக்கிய மைக்கறை அப்படியே இருந்தது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"கண்ண மூடித்தான் எடுத்தேன்மா. கூடைல கையில பட்டதும், இவ்வளவு நல்ல துணிய யாரு கொண்டாந்து போட்டாங்கன்னு சந்தோஷப்பட்டேன்."

"சந்தோஷப்பட்டீங்களா?"

"முதுகும் கையும் முடிஞ்சுபோச்சு. முன்பக்கத்த மடிச்சு வைக்கிறப்ப கையில பாக்கெட் தட்டுப்பட்டுச்சு. அப்பதான் கண்ணத் தொறந்தேன்."

"தொறந்ததும் நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்தியிருக்கலாம்."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

அண்ணி கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாதிச் சட்டையைக் கொண்டுவந்து உன் கையில குடுக்கத் தைரியம் வரல. ஒண்ணுமே இல்லாமப் பண்ணிட்டா, எங்கயோ தொலஞ்சுபோச்சுன்னு நீ நினைச்சுக்குவேன்னு தோணுச்சு. பாக்கெட்ட மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டு, மிச்சத்தையும் வச்சு அழுத்திட்டேன். நீ வர்றதுக்குள்ள ஒட்டி முடிக்கச் சொல்லி அவங்களையும் அவசரப்படுத்தினேன்."

தெரியாமல் செய்ததை ஒருவேளை பொறுத்திருப்பேன். தெரிந்தபின் பாதியை ஒளித்தாரே, அதை என்னால் தாங்க முடியவில்லை. எது சொன்னால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். தேடிப் பிடித்து அதையே சொன்னேன்.

"பெத்த பிள்ளை மாதிரி வளத்தேன், வளத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களே. நீங்க எடுத்துக் குடுத்த சட்டை. தொட்டா தெரியலயா?"

"தெரியல," என்றார் அண்ணி. "அதுக்குத்தான் படுத்துக் கெடக்கேன். உனக்குப் பயந்துகிட்டு இல்ல."

எனக்கு மட்டும்தான் அவர் செத்தார் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்காக மனம் இளகிவிட்டது என்று சொன்னால் பொய். பாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன்.

"உரிச்சுப் பாத்தியா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"ஒண்ணு. வெறச்சுப்போச்சு."

"நாளைக்கு நானும் வர்றேன். ஈரத்துணி வச்சு ஊறவிட்டு எடுத்தா அவ்வளவு வெறைக்காது. எத்தனை இருந்தாலும் சரி, நானே உக்காந்து எடுத்துத் தர்றேன். பள்ளிக்கூடத்துக்குக் குடுத்ததுலயும் இருக்கும், அதையும் வாங்கிடணும்."

பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது என்றால் பரீட்சைப் புத்தகங்கள். வேன் கிளம்பும் முன், பக்கத்துப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்குக் கொஞ்சம் புத்தகங்களைக் கொடுத்து ஒரு பாடம் நடத்தச் சொல்வோம். வெட்டியவளும் ஒட்டியவளும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிள்ளைகள் எதைப் பிய்க்கிறார்கள், எது கழன்று வருகிறது, எதை வாயில் வைக்கிறார்கள் என்று பார்த்துவந்து சரி செய்வோம். ஆகவே மறுநாள் எப்படியும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே போக வேண்டியவர்கள்தான்.

போனோம். என் பையில் மெல்லிய கத்தி, ஈரத்துணி, பழக்க தோஷத்தில் போட்டுக்கொண்ட பசைப் புட்டி. பாடம் முடிந்ததும் நீலம் ஒட்டிய புத்தகங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு திரும்புவது என்று முடிவு.

சின்னச் சின்ன நாற்காலிகள். அண்ணியும் நானும் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். வகுப்பு மிஸ்ஸுக்கு வயது குறைவு, குரல் கணீரென்று இருந்தது. கண்ணாடிப் பக்கத்தில் ஒரு பையன், "மிஸ், இது கண்ணாடி இல்ல, ஏமாத்துறாங்க," என்று கூவினான். டீச்சர் கேட்டிருந்தால் அவனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பார். பிறகு மிஸ், "அடுத்தது துணிப் பக்கம். கண்ண மூடிக்கிட்டு தொட்டுப் பாருங்க," என்றார்.

வகுப்பே கண்ணை மூடியது. பக்கத்தில் அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை. மேல்பல் இரண்டும் விழுந்து வாயில் ஜன்னல் திறந்திருந்தது. அவள் புத்தகத்தில் நீலம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, விரலைத் துணியில் வைத்து அப்படியும் இப்படியும் தேய்த்தாள். பிறகு கண்ணைத் திறந்து பக்கத்துப் பையனின் புத்தகத்தைப் பார்த்தாள். அதிலும் நீலம்தான், ஆனால் வெளிறிய நீலம்.

"மிஸ், அவனோடது வெளுத்துப்போயிருக்கு. என்னோடது மட்டும் ஏன் கருநீலமா இருக்கு?"

"வேற வேற துணியா இருக்கும்டா."

"இதுல குட்டிக் குட்டி ஓட்டையும் இருக்கு மிஸ்."

"துணின்னா நூல்ல நெய்யறாங்கல்ல? இடுக்கு இருக்கத்தான் செய்யும்."

"இல்ல மிஸ். வரிசையா இருக்கு." விரல் நுனியால் அந்த வரிசையிலேயே போய் வந்தாள். "இங்க என்னமோ தச்சிருந்துச்சு. யாரோ பிரிச்சு எடுத்துட்டாங்க. பாக்கெட்! இது சட்டை மிஸ். எங்க அப்பா சட்டையில பாக்கெட் பிஞ்சப்ப இப்படித்தான் இருந்துச்சு, உள்ள மட்டும் புதுசா."

அந்த நீலம் வெயில் பார்க்காத நீலம். அவர் முதன்முதலாகப் போட்ட நாளின் நிறம், அத்தனை வருஷமும் அவர் பாக்கெட்டுக்குப் பின்னால் பத்திரமாக இருந்திருக்கிறது. துவைத்துத் துவைத்துப் போட்ட எனக்கே தெரியாது.

"யாரோட சட்டை மிஸ்?"

மிஸ் புத்தகத்தைப் பார்த்தார். அதில், "இது பருத்தித் துணி. இது மென்மையானது. இதை மடிக்கலாம்," என்று மட்டும்தான் இருந்தது. கேள்வியை முடித்துவைக்கச் சொல்லி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க வீட்டுக்காரரோடது," என்றேன்.

பல் விழுந்தவள் நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்தாள். "அவர்கிட்ட கேட்டுட்டா வெட்டினீங்க?"

"கேக்கல," என்றேன்.

"அப்ப அவரு இனிமே என்ன போட்டுக்குவாரு? குளிருமே?"

எனக்கு எப்போதும் பதில் நுனி நாக்கில் இருக்கும் என்று பைண்டர் சொல்வார். அன்றைக்கு அண்ணிதான் பேசினார்.

"குளிராது கண்ணு. அவனுக்கு இனிமே குளிராது."

மிஸ்ஸின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளை அண்ணியை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, சரி என்று தலையாட்டினாள். திரும்பவும் துணியைத் தடவத் தொடங்கினாள். நகத்தில் ஓரம் சிக்கியது.

"ஆன்ட்டி, இங்க பிஞ்சு வருது."

ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. அதற்காகத்தானே வந்தோம்! அண்ணி என் பையைத் திறந்து, கத்தியையும் ஈரத்துணியையும் எடுத்து என் பக்கம் நீட்டினார். அவர் கண் சிவந்திருந்தது. நான் அவற்றை வாங்கவில்லை. பைக்குள் கையை விட்டுப் பசைப் புட்டியை எடுத்தேன்.

பிள்ளையின் மேஜைக்கு அருகில் மண்டியிட்டு, தூக்கிய மூலைக்கு அடியில் ஒரு சொட்டு விட்டு, கட்டை விரலால் அழுத்தினேன். எங்கள் பசைக்குக் கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். விரலுக்கு அடியில் துணி மெத்தென்று இருந்தது. வீட்டில் துவைத்துக் காய்ந்த பிறகு கொடியிலிருந்து எடுக்கும்போது எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது.

மிஸ் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எல்லாப் புத்தகத்திலும் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஆன்ட்டி, ஒட்டிடுச்சு."

"ம்."

"ஒட்டிடுச்சு ஆன்ட்டி. கையை எடுங்க. நான் திருப்பணும்."

எடுத்தேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்தது மரம்.